சதுரகிரிப் பாதையில் கேளாமல் கிடைத்தவை

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறிச் சென்று வந்தவர்கள், பெரும்பாலும் சுந்தர மகாலிங்கரின் சந்நிதியைப் பற்றியும், பதினெண் சித்தர்கள் இன்றும் அங்கே உலவுவதாக வழங்கிவரும் நம்பிக்கையைப் பற்றியும், மலையில் விளையும் மூலிகைகளைப் பற்றியுமே பேசுவார்கள். அவை யாவும் பேசத் தக்கவையே. ஆயினும் அந்த மலையில் என் மனத்தை முதலில் தொட்டவை, சந்நிதியை அடைவதற்கு முன்பே, ஏறும் வழியில் நான் வேண்டிக்கொள்ளாமலே எதிர்ப்பட்ட சில சிறிய பொருள்கள்தாம். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் முறையை அந்த வழியே கற்றுக்கொடுத்தது என்பதால், இங்கே கோயிலைவிட வழியைப் பற்றியே மிகுதியாக எழுதுகிறேன்.

நானும் என் தமையனாரும் சென்றது ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் திரளும் அந்தப் பாதையில் ஆனியில் அவ்வளவு நெருக்கம் இருப்பதில்லை; நின்று பார்க்கவும், பிறருக்கு இடையூறின்றி அமர்ந்து இளைப்பாறவும் முடிகிறது. இந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் மேகமலைக் காடுகளோடு இணைத்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. ஆகையால் அடிவாரத்திலேயே வனத்துறையினர் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக் பொருள்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காட்டிலிருந்து இலையோ வேரோ பூவோ பறித்து வரக் கூடாது. இருட்டுவதற்கு முன் இறங்கிவிடவும் வேண்டும். இவற்றை வெறும் கட்டுப்பாடுகளாக நினைத்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எடுக்காமல் நடப்பேன் என்று உறுதி சொல்லித் தொடங்கும் பயணம் விரதத்துக்கு நிகரானது என்றே எனக்குத் தோன்றியது.

ஆசீர்வாத விநாயகரை வணங்கிப் புறப்பட்ட சற்று நேரத்தில், பருவம் முடியும் தறுவாயில் இருந்த ஒரு புங்க மரத்தின் அடியில் சில பூக்கள், சந்நிதிக்கென்று வில்வமும் சந்தனமும் வைத்திருந்த என் துணிப்பையின் மேல் உதிர்ந்தன. இளஞ்சிவப்பு ஓடிய வெண்மை. நகக்கண் அளவே இருக்கும் இதழ்கள். தட்டிவிடக் கையை உயர்த்தியவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். இவற்றைச் சுவாமிக்குச் சாற்றலாமா என்று தமையனாரிடம் கேட்டேன். தரையில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை, பவளமல்லி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்று அவர் சொன்னார். தரையைத் தொடாமல் பைமேல் விழுந்த பூவுக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும் என்று இருவரும் சிறிது தூரம் பேசிக்கொண்டே நடந்தோம். பேச்சு முடிவதற்குள் காற்றில் அவை பறந்துவிட்டன. நாம் இறைவனுக்குக் கொடுப்பவற்றுக்கு விதி இருக்கிறது; அவன் நமக்குக் கொடுப்பவை இப்படி மேலே வந்து விழுகின்றன என்ற நினைவு அப்போதுதான் எனக்கு எழுந்தது. கீழிருந்து மேலே நாம் சுமந்து செல்லும் காணிக்கையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, மேலிருந்து கீழே வந்துகொண்டிருப்பவை அதன்பின் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கின.

மாங்கனி ஓடையில் அன்று நீர் இல்லை. பாறைகளின் மேல் கால் வைத்துக் கடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே கிளை முறியும் ஓசை கேட்டு அண்ணாந்து பார்த்தோம். சாம்பல் நிற அணில் ஒன்று பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகளில் ஒரு காட்டு மாங்காயை ஏந்திச் சுழற்றிச் சுழற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் காணும் அணிலைப் போலப் பல மடங்கு பெரியது அது. வாலில் நரையோடியது போன்ற வெண்மை கலந்திருந்தது. தரைக்கு இறங்குவது இந்த உயிருக்கு அரிது. மரத்துக்கு மரம் கிளைகள் கைகோத்து நிற்கும் காட்டில்தான் இதனால் வாழ முடியும். கூட்டைக்கூட அடுத்த மரத்துக்குத் தப்பிச் செல்ல வழியிருக்கும் கிளைகளில்தான் கட்டும். அரைகுறையாகக் கொறித்த அந்தக் காய் கை நழுவி, எங்களுக்கு இரண்டடி தள்ளிப் பாறையில் விழுந்து உருண்டது.

குனிந்து பார்த்தேன். பல் பதிந்த இடங்கள் இணையிணையாக, உளியால் செதுக்கியவை போல் இருந்தன. தோல் கிழிந்த ஓரத்தில் பால் கசிந்து, அதன்மேல் ஒரு கட்டெறும்பு அதற்குள் வந்து நின்றுவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் எறும்புகளின் வரிசையே வந்திருக்கும். சதை தீர்ந்தபின் கொட்டை மண்ணைச் சேர்ந்திருக்கும். அந்தக் காய் எனக்காக விழவில்லை என்பதை நான் உறுதியாக அறிவேன். மலையில் நிகழ்வதெல்லாம் தமக்காகவே நிகழ்வதாக எண்ணுவது பக்தர்களுக்கு எளிதில் வரும் மயக்கம். அதை நான் நம்புவதில்லை. ஆனாலும் அது விழுந்த கணத்தில் அங்கே நிற்க எனக்கு வாய்த்தது. அந்த விருந்தில் எனக்குரிய பங்கு பார்ப்பது. அதைக் குறைவான பங்கு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. காயை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு, எறும்பின் வழியை மறிக்காமல் விலகி நடந்தோம்.

வழுக்குப்பாறையும் சங்கிலிப்பாறையும் உடலை வேலை வாங்கும் இடங்கள். அங்கே வேறு சிந்தனைக்கு இடமில்லை. கால் வைக்கும் இடமே தியானம். கோரக்கர் குகையையும் இரட்டை லிங்கத்தையும் தரிசித்துவிட்டு நாவல் ஊற்றை அடைந்தபோது நாக்கு வறண்டிருந்தது. பருவமழை இன்னும் அந்தச் சரிவுக்கு வராத காலமாதலால் ஊற்று மிக மெலிந்து, இரு கைகளை ஏந்தினால் நிறையும் அளவு குழியில் மட்டும் நீர் நின்றது. அவசரமாகக் குனிந்த என்னை, அருகில் வேரின் மேல் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி தடுத்தார்.

“கலக்கிறாதீங்க தம்பி. செத்த பொறுங்க, அதுவாத் தெளியும்.”

பொறுத்தோம். அதுவரை தெரியாதிருந்த ஒன்று அந்தக் காத்திருப்பில் கண்ணுக்குப் புலனாயிற்று: பாறையின் மயிரிழைப் பிளவிலிருந்து நீர் வழியவில்லை, ஊறிக்கொண்டிருந்தது. ஒரு துளி திரளும். தன் எடை போதுமான பின் பாசியின் மேல் இறங்கும். பாசியின் நுனியில் மீண்டும் சிறிது நிற்கும். பிறகே குழியைச் சேரும். முந்தைய மழைக்காலத்தில் உச்சியிலுள்ள புல்வெளியும் சோலைக்காடும் உறிஞ்சி வைத்துக்கொண்ட நீர், மண்ணுக்குள்ளும் பாறை இடுக்குகளுக்குள்ளும் இத்தனை மாதம் மெல்ல நடந்து, கோடை கடந்தபின்னும் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. சிவலிங்கத்தின் மேல் தாராபாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதை எத்தனையோ கோயில்களில் கண்டிருக்கிறேன். அந்த வழிபாட்டை முதலில் செய்தது மலைதான் என்பதை அந்த ஊற்றின் அருகில் அமர்ந்திருந்தபோது கண்ணாரக் கண்டேன்.

“நீங்க முதல்ல குடிங்கம்மா” என்றேன்.

“நான் எத்தனையோ வருசமாக் குடிச்சவ. ஏறி வர்ற பிள்ளைகளுக்கு விடுங்க” என்று சொல்லி, தேக்கிலை ஒன்றைக் குவித்து ஒரு மடக்கு மட்டும் அள்ளி என்னிடம் நீட்டினார். இலையும் கீழே கிடந்ததுதான். அந்த நீரில் இரும்புச் சுவையும் வேரின் வாசமும் இருந்தன. நோய் தீர்க்கும் நீர் என்று பலரும் அதைப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு செல்ல விரும்புவதுண்டு. அவர்களுடைய நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. எனினும் துளித்துளியாக ஊறும் இடத்தில் ஒருவர் நிரப்பிக்கொண்டால் அடுத்து வருபவருக்கு இராது. ஒரு மடக்கோடு நிறைவடைவதே அந்த ஊற்றுக்குச் செய்யும் மரியாதை என்று அந்த அம்மாள் சொல்லாமலே எனக்கு உணர்த்திவிட்டார். காட்டு விலங்குகளுக்கும் அதே குழிதான் என்பதை அதன் ஓரத்து ஈர மண்ணில் பதிந்திருந்த குளம்புச் சுவடுகள் காட்டின.

அதற்கு மேல் மரங்கள் விலகி வெயில் நேரே விழும் ஏற்றம் ஒன்று வருகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கேரளப் பக்கம் பெய்து தீர்க்க, கிழக்குச் சரிவுக்குக் காற்றும் எப்போதாவது ஒரு சாரலுமே வந்து சேர்கின்றன. மூச்சு வாங்கி, இனி ஓரடியும் இயலாது என்று பாறையில் சாய்ந்த நேரத்தில் அந்தக் காற்று உச்சியைத் தாண்டி இறங்கி வந்தது. நனைந்த சட்டையில் அது பட்டதும் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட திருநாவுக்கரசர், ஈசனுடைய திருவடி நிழலைச் சொல்ல வந்தபோது வீசும் தென்றலையும் மாலை நிலவையும் எடுத்துக்காட்டியதன் பொருத்தத்தை, வெயிலில் வெந்து நின்ற அந்த ஏற்றத்தில் தமையனார் எனக்கு நினைவூட்டினார். சிறுவயது முதல் ஓதிவரும் பதிகம் அது. தென்றலை அவர் வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை என்பதை, அது தேவைப்பட்ட இடத்தில் நின்றபோதுதான் என் உடல் ஒப்புக்கொண்டது.

பிலாவடிக் கருப்பசாமியை வணங்கிச் சந்நிதியை அடைந்தோம். சுந்தர மகாலிங்கர் சற்றே சாய்ந்த திருமேனியராக எழுந்தருளியிருக்கிறார். அதற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. பச்சைமால் என்ற இடையன் மேய்த்த மாட்டின் மடியில் துறவி ஒருவர் வாய்வைத்துப் பால் அருந்திக்கொண்டிருந்தார். கண்டு வெகுண்ட பச்சைமால் கையிலிருந்த கம்பால் அடித்துவிட்டான். அடிபட்டவர் சிவபெருமானே என்று அறிந்து கதறியவனுக்கு அவர் அருள்செய்து, அவ்விடத்திலேயே லிங்கமாக அமர்ந்தார். பலமுறை கேட்ட கதை. புங்கம்பூவையும் கடித்த மாங்காயையும் ஒரு மடக்கு நீரையும் கடந்து வந்த அன்று, என் கவனம் கதையிலுள்ள மாட்டின் மேல் சென்றது. மாடு கணக்குப் பார்க்கவில்லை, வந்தவர் யாரென்றும் கேட்கவில்லை, சுரந்தது. பால் தனக்குரியது என்று எண்ணிய இடத்தில்தான் கம்பு ஓங்கியது. அப்படி ஓங்கியவனையும் இறைவன் தள்ளிவிடவில்லை என்பதே அந்தச் சாய்ந்த திருமேனியின் முன் நிற்கும் எவருக்கும் பெரிய ஆறுதல். பையிலிருந்த வில்வத்தை அர்ச்சகரிடம் கொடுத்தபோது, ஏதோ கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு இல்லை.

பின்னர்ச் சந்தன மகாலிங்கத்துக்குச் சென்றோம். உமையம்மை சந்தனத்தால் லிங்கம் அமைத்து வழிபட்ட இடம் என்பது ஐதிகம். ஆகாய கங்கை என்று போற்றப்படும் மலைநீரே அங்கே அபிஷேகத்துக்கு உதவுகிறது. கீழிருந்து எவரும் சுமந்து வர வேண்டியதில்லை. தீர்த்தமும் திருநீறும் பெற்றுக்கொண்டு, நண்பகல் சாய்ந்ததும் இறங்கத் தொடங்கினோம்.

நாவல் ஊற்றில் எங்களுக்கு முன்னே இறங்கிய இளைஞர்கள் சிலர் கலங்கிய குழியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். காலையில் அந்த அம்மாள் எனக்குச் சொன்னதையே அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் அமர்ந்து காத்திருக்க, இருட்டுமுன் தாணிப்பாறை சேர வேண்டியிருந்ததால் நாங்கள் நீரருந்தாமலே நடந்தோம்.