பத்து ஊசிகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

சாயங்காலம் சின்னவன் அலமாரியிலிருந்து தன் நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு விளையாடக் கிளம்பினான். போன வாரம் வரை அதில் இரண்டாவது பட்டன் இல்லை. இன்று இருந்தது. பட்டனை மாட்டிக்கொண்டே ஓடிப்போனான், அது எப்படி வந்தது என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை அதை எப்போது தைத்தார் என்று எனக்கும் தெரியாது. மனதை உறுத்துவது அதுதான். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் செய்வதற்குக் குறைவில்லை, அதைப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. நாளை முதல் தினமும் ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு நன்றி சொல்வது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

நான்காவது நாளிலேயே ஓய்ந்துவிட்டது. முதல் நாள் ஆளாளுக்கு நிறையப் பேசினார்கள். மூன்றாம் நாள் "அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி" என்று வருகைப் பதிவு மாதிரி ஆனது. இன்று பெரியவள், "நேத்து சொன்னதேதாம்மா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. அதன் ஒரு பகுதியில் மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள், இன்னொன்றை எரிச்சலூட்டியவற்றை எழுதச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு முறை, 10 வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தார்கள். சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் ஆய்வு இன்னும் நேராக என் கேள்விக்கே பதில் சொன்னது. 6 வாரம் வைத்துப் பார்த்ததில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. திரும்பத் திரும்பச் செய்தால் புதுமை போய்க் கடமையாகிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கம். எங்கள் வீட்டில் அது நான்கே நாளில் நடந்துவிட்டது.

சரி, இனி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கொஞ்சம் மாற்றிச் செய்தோம். வாயால் சொல்வதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது, இந்த மூன்றும் இருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் நன்றி" செல்லாது. எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய தகர டப்பாவில் போட்டுவிடலாம்.

சின்னவன் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அதே நீலச் சட்டை. "பாட்டி என் சட்டைக்குப் பட்டன் தைச்சாங்க. அதனால நான் போட்டுக்கிட்டுப் போனேன்" என்று படித்தான்.

"அதைப் போய் ஒரு காரியம்னு எழுதுறியா கண்ணு" என்றார் அத்தை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். அப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். பட்டன் தைப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லையாம். நான்கு ஓட்டை, நாலு சுற்று, அடியில் ஒரு முடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு தைப்பாராம். ஊசியின் காதில் நூல் கோக்கிறதுதான் முடியவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எத்தனையோ தடவை முயன்றிருக்கிறார். காதுக்குப் பக்கத்தில் போகும்போது நூல் இரண்டாகத் தெரியுமாம். "இவளை ரெண்டு தரம் கூப்பிட்டேன். இதோ வரேன்னா. வேலையா இருந்திருப்பா. அப்புறம் எப்படியோ நானே கோத்துட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை, பட்டன் கதையோடு கதையாகச் சொன்னார். பெரியவள் தன் சீட்டைப் படிக்காமலே டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 11, புதன்

காலையில் அத்தையின் தையல் டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு துணித்துண்டு இருந்தது. அதில் வரிசையாகப் பத்து ஊசி குத்தியிருந்தது. எல்லாவற்றிலும் நூல் கோத்திருந்தது. நான்கு வெள்ளை, மூன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒரு சிவப்பு. ஒவ்வொரு நூலும் ஒரு முழம் நீளம், சிக்காமல் இருக்க ஊசியிலேயே சுற்றிவிட்டிருந்தாள்.

யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கப் போவதில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தைக்கு இந்தச் சீட்டு விஷயத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. "வீட்டு மனுஷங்களுக்குள்ள என்ன நன்றி? வெளியாளுக்குச் சொல்ற மாதிரி" என்கிறார். அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. நெருங்கியவரிடம் நன்றி என்று சொன்னால் கணக்குத் தீர்த்துவிட்டு விலகிப் போவது போலத்தான் நம் காதில் விழுகிறது.

ஆனால் பழைய தமிழில் நன்றி என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. நன்மை, பிறர் செய்த உதவி, அதுதான் நன்றி. குறளில் 11-ஆவது அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. செய்த நல்லதை அறிவது. வாயால் சொல்வது அதற்குப் பிறகுதான். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அறியறதுன்னா சரிதான்" என்றார். இன்று முதன்முறையாக அவரும் ஒரு சீட்டு எழுதினார். ஊசி என்ற ஒரே சொல்தான் இருந்தது. மூன்றும் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் பேசவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல நாள் இல்லை. மத்தியானம் சின்னவனைத் தேவைக்கு மேல் திட்டிவிட்டேன். ராத்திரி அவன் சீட்டை எடுத்தான், எழுதவில்லை. "ஏதாவது ஒண்ணு எழுதுடா" என்றேன். "எனக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றான். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "விடு" என்றார்.

விட்டுவிட்டேன். அவன் வெற்றுச் சீட்டையே மடித்து டப்பாவில் போட்டான். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் பிள்ளை நன்றியைப் பழகியிருக்க மாட்டான், என்னைச் சமாதானப்படுத்தத்தான் பழகியிருப்பான். படுக்கப் போகுமுன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி வெற்றுச் சீட்டும் செல்லும்.

ஜூலை 6, ஞாயிறு

போன ஞாயிறு ஒரு வார்த்தைகூட எழுதத் தோன்றவில்லை, சீட்டு மட்டும் போட்டோம்.

இன்று சின்னவன், "பாட்டி, உங்களுக்கு யார் தைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டான். அதன் பிறகு முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தை பத்து வயதில் தன் அப்பாவின் ஒரே நல்ல சட்டையைத் தைக்கிறேன் என்று முன்னையும் பின்னையும் சேர்த்துத் தைத்துவிட்டாராம். அவர் அம்மா அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு தையலாகப் பிரிக்கச் சொன்னாராம். "தைக்கக் கத்துக்கிட்டது அதுக்கப்புறம். முதல்ல பிரிக்கக் கத்துக்கிட்டேன்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை. அவரும் கேட்டதில்லையாம், சொந்த மகன்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் இருவரும் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் வைத்திருந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், இந்த மாதிரி. குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை, அந்தக் கதைகள் பிள்ளைக்கு வந்து சேரும் வழியில்தான் விஷயம் இருக்கிறது என்று டியூக்கே விளக்கியிருக்கிறார். இன்று அதைக் கண்ணால் பார்த்தேன். சின்னவன் பாட்டியின் முழங்காலில் சாய்ந்துகொண்டு, பிரித்த தையல் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 13, ஞாயிறு

வேலை முடிந்து வீடு வரும்போது பத்தரை. இன்றைக்கு விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மேசையில் தகர டப்பா இருந்தது. என் இடத்தில் ஒரு சீட்டும் மூடி கழற்றிய பேனாவும் வைத்திருந்தார்கள். நான் இல்லாமலே நடந்திருக்கிறது.

குடும்ப வழக்கங்களைப் பற்றிய 50 வருட ஆய்வுகளைத் தொகுத்து பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 2002-இல் எழுதினார்கள். அவர்கள் ஒரு வித்தியாசம் சொல்கிறார்கள். சில பழக்கங்கள் ஆக வேண்டிய வேலையைப் பற்றியவை, முடிந்ததும் மறந்துவிடும். சில, நாம் யார் என்பதைச் சொல்பவை, விட்டுப்போனால் மனசு தேடும். பசியோடு வந்தவள் முதலில் சீட்டைத்தான் எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

பெரியவள் இரண்டு நாளாகத் தோழி வீட்டில் இருக்கிறாள். ராத்திரி சீட்டெல்லாம் போட்ட பிறகு சின்னவனைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் விளக்கடியில் பாட்டியின் தையல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு கண்ணை இறுக்கி மூடி, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, நூலை ஊசியின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான். வழுக்குகிறது. நுனியை எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி முயல்கிறான். அக்காவைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

ஆறு ஊசி முடிந்திருந்தது. அத்தை பின்னால் வந்து நின்று, "போதும் கண்ணு, தூங்கு" என்றார்.

"அக்கா பத்துதானே கோப்பா" என்று சொல்லிவிட்டு ஏழாவது ஊசியை எடுத்தான்.