மொதல்ல பல்பை முடிவு பண்ணுங்க, அப்புறம் கல்லு பாக்கப் போங்க

கிச்சனை இடிச்சு மாத்தலாம்னு முடிவானதும் எல்லாரும் மொதல்ல ஓடுறது மேடைக்குக் கல்லு பாக்கத்தான், அப்புறம் டைல்ஸ், லைட்டு கடைசியில பெயிண்ட் எல்லாம் அடிச்சு முடிஞ்சு கையில காசு மிச்சமிருந்தா பாத்துக்கலாம்னு விட்டுடுவோம். எங்க வீட்டுலயும் இப்ப கிச்சன் வேலை ஓடிட்டிருக்கு, இதுக்காக மண்டைய உடைச்சுக்கிட்டதுல எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா தெளிவாச்சு, இந்த வரிசையே தலைகீழ். நான் சொல்றது தொங்க விடுற அலங்கார விளக்கைப் பத்தி இல்ல, அதை எப்ப வேணாலும் வாங்கலாம். எந்த நிறத்து வெளிச்சம்ங்கறதை மட்டும் மொதல்லயே முடிவு பண்ணிடணும்.

ஏன்னா நாம கல்லைப் பாக்குறது ஒரு இடத்துல, வெட்ட வெளியில வெயில்ல நிக்க வச்சிருப்பாங்க. டைல்ஸ் பாக்குறது ஏசி ஷோரூம்ல, மேல இருந்து ஸ்பாட் லைட் அடிக்கும், எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும். கேபினட் லேமினேட் பாக்குறது இன்னொரு கடையில ட்யூப்லைட்டுக்குக் கீழ. இந்த மூணும் நம்ம வீட்டுல ஒண்ணா சேரும்போது நாலாவதா ஒரு வெளிச்சத்துல நிக்கும், அங்கதான் பிரச்சனை. வெயில்ல பாத்தப்போ அச்சு அசல் ஒரே கலரா இருந்த ரெண்டு பொருள் பல்பு வெளிச்சத்துல ஒண்ணு பச்சை சாயலாவும் இன்னொண்ணு ரோஸ் சாயலாவும் பிரிஞ்சு நிக்கும். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேரே இருக்கு. ரெண்டு பொருளோட நிறமி வேற வேறயா இருந்தா ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போறது இன்னொரு வெளிச்சத்துல ஒத்துப்போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

பல்பு டப்பாவுல ரெண்டு நம்பரைப் பாத்தா போதும். ஒண்ணு கெல்வின். 2700ல இருந்து 3000 வரைக்கும் மஞ்சள் கலந்த வெளிச்சம், 4000 நடுவாந்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. நெறைய பேரு 6500 தான் "நல்ல வெளிச்சம்"னு நெனச்சு வாங்குறாங்க, ஆனா வெளிச்சம் எவ்வளவுங்கறது லூமென் கணக்கு, கெல்வின் நிறத்தை மட்டும்தான் சொல்லுது, 3000 கெல்வின்லயும் கண்ணு கூசுற அளவுக்கு லூமென் வாங்கலாம். இன்னொண்ணு சிஆர்ஐ, பொருளோட நிஜ நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு ஒழுங்கா காட்டுதுங்கறதுக்கு 100க்கு ஒரு மார்க். சாதாரணமா கெடைக்கிற எல்இடி எல்லாம் 80 வாக்குல இருக்கும், கிச்சனுக்கு 90க்கு மேல தேடிப் பிடிங்க. இந்த மார்க்கு வெளிறின கலரு எட்டுக்கு எடுத்த சராசரி, அடர் சிவப்பு அந்தக் கணக்குலயே இல்ல, ஆர்9னு தனியா போடுவாங்க. அதனால 80 மார்க் வாங்குன பல்பு கூட சிவப்புல கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கலாம். மரக் கலர் கேபினட்டும் பழுப்பு கல்லும் செத்துப்போன மாதிரி தெரியுறதுக்கு பாதி காரணம் இதுதான்.

நாங்க 3000 கெல்வின், சிஆர்ஐ 90 பிளஸ்னு முடிவு பண்ணோம். பெரிய தத்துவம்லாம் இல்ல, எங்க கிச்சன் ஹாலைப் பாத்துத் தொறந்து இருக்கு, ஹால்ல ஏற்கனவே மஞ்சள் வெளிச்சம், நடுவுல கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் மஞ்சள் அந்தப் பக்கம் நீலம்னு இருந்தா நல்லா இருக்காது. தனி ரூமா அடைச்ச கிச்சன்னா 4000 கூட நல்லாத்தான் இருக்கும். எதுவா இருந்தாலும் ஒரே கிச்சன்ல சீலிங்குக்கு ஒண்ணு, கேபினட்டுக்குக் கீழ ஒண்ணுன்னு மாத்தி மாத்தி மட்டும் போடாதீங்க.

இப்ப கல்லுக்கு வரலாம். கல்லை டைல்ஸுக்கு முன்னாடி எடுக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. டைல்ஸ்ல ஆயிரம் டிசைன் இருக்கு, பிடிச்ச கல்லுக்கு ஏத்த டைல்ஸ் எப்படியும் கெடைச்சுடும். இயற்கைக் கல்லுல ஒரு ஸ்லாப் மாதிரி இன்னொரு ஸ்லாப் இருக்காது. உள்ளங்கை அளவு சாம்பிளைப் பாத்து ஆர்டர் குடுக்காதீங்க, நேர்ல போயி முழு ஸ்லாப்பைப் பாருங்க, ரேகை எங்க ஓடுது, ஜாயிண்ட் எங்க வரும், சிங்க்குக்கு வெட்டுற இடத்துல நல்ல பாகம் போயிடுமான்னு அங்கயே சாக்பீஸ்ல குறிக்கச் சொல்லுங்க.

எந்தக் கல்லுன்னு கேட்டா, மார்பிள் அழகு ஆனா அது கால்சைட்ங்கற மெதுவான கனிமம், கீறல் தாங்குறதுக்கு 10க்குப் போடுற மோஸ் கடின அளவுல 3 தான், எலுமிச்சையோ வினிகரோ கொஞ்ச நேரம் நின்னா பாலிஷை அரிச்சுடும், அது கறை இல்ல, கல்லே கரையுறது, எவ்வளவு தொடைச்சாலும் போகாது. கிரானைட் 6, 7 கடினம், சூட்டுக்கும் அசராது, கறை உறிஞ்சாம இருக்க சீலர்ங்கற பூச்சு மட்டும் அப்பப்ப அடிக்கணும். கடையில கருப்பு கிரானைட்னு விக்கிறதுல பல கல்லு புவியியல் கணக்குப்படி கிரானைட்டே இல்ல, காப்ரோ, டோலரைட்னு வேற பாறை வகை, ஆனா மேடைக்கு அருமையான கல்லு, அதனால பேரைப் பத்தி கவலைப்பட வேண்டாம். குவார்ட்ஸ்னு விக்கிறது கல்லுத் தூளையும் பிசின் மாதிரி ஒட்டுற ரெசினையும் அழுத்திச் செஞ்சது, கலர் ஒரே சீரா இருக்கும், டைல்ஸோட ஜோடி சேக்குறது ரொம்ப சுலபம், கறையும் சுலபத்துல பிடிக்காது, ஆனா அடுப்புல இருந்து எறக்குன பாத்திரத்தை அப்படியே வச்சா ரெசின் தாங்காது, ஜன்னல் வெயில் நேரா விழுந்தா நாளாக நாளாக மஞ்சளிக்கும். அதை வெட்டும்போது வர்ற சிலிக்கா தூசி நுரையீரலை அழிக்குதுன்னு ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1ல இருந்து அந்த வகைக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. நீங்க எந்தக் கல்லு எடுத்தாலும் வீட்டுக்குள்ள வச்சு காய்ஞ்ச கல்லை அறுக்க விடாதீங்க, பட்டறையில தண்ணி விட்டு அறுத்து எடுத்துட்டு வரட்டும்.

ஜோடி சேக்குறதுல முக்கியமானது அடிச்சாயல். வெள்ளைன்னு நாம சொல்றதுல மஞ்சள் வெள்ளை, ரோஸ் வெள்ளை, நீல வெள்ளை, பச்சை வெள்ளைன்னு நாலஞ்சு இருக்கு, தனியாப் பாத்தா எல்லாமே வெள்ளைதான். ஒரு சாதா ஏ4 பேப்பரை கல்லு மேல வைங்க, சாயல் உடனே வெளிய வந்துடும். கல்லு மஞ்சள் பக்கம் சாயுதுன்னா டைல்ஸும் க்ரீம் பக்கம் போகணும், பளிச்சுன்னு நீல வெள்ளை டைல்ஸ் வச்சீங்கன்னா பாவம் கல்லு அழுக்கா தெரியும், கல்லு மேல தப்பே இருக்காது. சாம்பல் கலர்லயும் இதே கதைதான், 3000 கெல்வின்ல நீலச் சாம்பல் மங்கிப்போயி சேறு மாதிரி ஆயிடும், பழுப்புச் சாம்பல் நல்லா நிக்கும்.

சாம்பிளை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா எல்லாரும் டேபிள்ல பரப்பி வச்சுப் பாக்குறாங்க. அப்படிப் பாக்காதீங்க. கல்லு படுத்துக் கெடக்கப் போறது, டைல்ஸ் நிக்கப் போறது, ரெண்டு மேலயும் வெளிச்சம் விழுற விதமே வேற. கல்லு துண்டைப் படுக்க வச்சு, டைல்ஸை அதுக்குப் பின்னாடி செவுத்துல சாய்ச்சு, லேமினேட் துண்டைக் கீழ நிறுத்தி, நீங்க முடிவு பண்ண பல்பை ஒரு வயர்ல தொங்க விட்டுப் பாருங்க. காலையில பாருங்க, ராத்திரி ஜன்னலை மூடிட்டுப் பாருங்க. ராத்திரி பிடிக்கலன்னா அந்த ஜோடி வேண்டாம், வேலைக்குப் போறவங்க வீட்டுல கிச்சன் முக்கால்வாசி நேரம் பல்பு வெளிச்சத்துலதான் இருக்கு.

டைல்ஸ்ல என் அபிப்ராயம், கல்லு பேசுச்சுன்னா டைல்ஸ் சும்மா இருக்கணும். ரேகை ஓடுற கல்லை வச்சுக்கிட்டு பின்னாடி பூப்போட்ட டைல்ஸ், அதுக்கு மேல பித்தளை விளக்குன்னா கண்ணு எங்க நிக்குறதுன்னே தெரியாம அலையும். கல்லு சாதாவா ஒரே கலரா இருந்தா டைல்ஸ்ல ஆட்டம் போடுங்க, தாராளமா.

சப்வே டைல்ஸ்னு சொல்ற 3க்கு 6 இன்ச் வெள்ளை டைல்ஸ் 1904ல நியூயார்க் பாதாள ரயில் தொறந்தப்போ ஸ்டேஷன் செவுத்துல ஒட்டுனது, தரைக்கு அடியில இருட்டுல இருக்குற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கணும், ஈஸியா கழுவணும், அதுக்குத்தான் அந்தப் பளபளப்பு வெள்ளை. ஜன்னல் கம்மியா இருக்குற கிச்சனுக்கு அது இன்னைக்கும் எடுபடுற காரணமும் அதேதான். ஆனா பாலிஷ் கல்லு, பளபள டைல்ஸ், கேபினட்டுக்குக் கீழ மூடியில்லாத எல்இடி ஸ்ட்ரிப், மூணும் சேந்துச்சுன்னா கல்லுக்குள்ள புள்ளி புள்ளியா பல்பு வரிசை தெரியும், கூச்சம் தாங்காது. மூணுல ஒண்ணையாவது பளபளப்பு இல்லாத மேட் ஆக்குங்க, இல்லன்னா ஸ்ட்ரிப்பை பால் நிற மூடி போட்ட அலுமினிய ப்ரொஃபைலுக்குள்ள வைங்க, அது பெரிய செலவும் இல்ல.

அந்த ஸ்ட்ரிப்பை எங்க ஒட்டுறதுங்கறதும் டைல்ஸ் விஷயம்தான். செவுத்தை ஒட்டி வச்சா வெளிச்சம் டைல்ஸை உரசிக்கிட்டே எறங்கும், ஒரு டைல் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக் குடுத்துடும். கைவேலை டைல்ஸ், மேடு பள்ளமா இருக்குறதே அழகுன்னு வாங்குனவங்களுக்கு அது வேணும். வழவழன்னு ஒரே மட்டமா எதிர்பாக்குறவங்க ஸ்ட்ரிப்பை கேபினட்டோட முன் ஓரத்துல வைங்க, காய் வெட்டுற இடத்துலயும் வெளிச்சம் சரியா விழும், நம்ம தலை நிழலும் விழாது.

டைல்ஸுக்கு நடுவுல இருக்குற இடைவெளியை அடைக்கிற பூச்சு, அதான் க்ரவுட், அதோட கலரை யாரும் கண்டுக்குறதில்ல, ஆனா செவுத்தோட முகத்தையே மாத்துறது அதுதான். வெள்ளை டைல்ஸுக்குக் கருப்பு க்ரவுட் போட்டா கட்டம் கட்டமா தனியா தெரியும், அதே நிறத்துல போட்டா செவுரு ஒண்ணா தெரியும். என் கணக்கு, க்ரவுட் கலரை கல்லுல இருந்து எடுக்கணும், கல்லோட நடுத்தர நிறம் எதுவோ அது, அப்பதான் ரெண்டும் ஒட்டும். ஈரத்துல ஒரு கலர், காய்ஞ்சா வேற கலர், அதனால உடைஞ்ச டைல்ஸ் ரெண்டுல போட்டுக் காய வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அடுப்புக்குப் பின்னாடி மட்டுமாவது ரெசின்ல செஞ்ச எபாக்ஸி க்ரவுட் போட்டுடுங்க, எண்ணெய்க் கறை உள்ள எறங்காது. செவுத்து டைல்ஸ் போர்சிலினா செராமிக்கான்னு ரொம்ப யோசிக்க வேண்டாம், தண்ணி உறிஞ்சுற அளவு 0.5 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் போர்சிலின், அது தரைக்கு முக்கியம், செவுத்துக்கு செராமிக்கே போதும், வெட்டவும் சுலபம்.

வேலை வரிசை மட்டும் மாறக்கூடாது. லைட்டு பாயிண்ட், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாத்துக்கும் வயர் ஓட்டிட்டு, கீழ் கேபினட் வச்சுட்டு, அதுக்கப்புறம்தான் கல்லுக்கு அளவு எடுக்கணும், கல்லு உக்காந்ததும் அது மேல இருந்து செவுத்து டைல்ஸ் ஆரம்பிக்கணும். ஸ்விட்ச் பாக்ஸ் டைல்ஸ் ஜாயிண்ட்டோட நடுவுல வருதா, பாதி டைலைத் தின்னுதான்னு எலக்ட்ரீசியனையும் டைல்ஸ் போடுறவரையும் ஒரே நேரத்துல நிக்க வச்சுப் பேசுங்க, தனித்தனியாப் பேசுனா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவரைக் கேளுங்கம்பாங்க. டைல்ஸ் 10 சதவீதம் கூடவே வாங்குங்க, ஹெரிங்போன் மாதிரி சாய்ச்சுப் போடுறதுன்னா 15, எல்லா பெட்டியிலயும் ஷேட் நம்பர் ஒண்ணான்னு எறக்கும்போதே பாத்துடுங்க, ஒரே மாடல்ல வேற பேட்ச் வந்தா சாயல் மாறும்.

தொங்கு விளக்கு கடைசியாத்தான், இப்ப தைரியமா போயி வாங்கலாம். மேடையில இருந்து விளக்கோட அடிப்பாகம் 30ல இருந்து 36 இன்ச் உயரத்துல இருந்தா எதிர்ல உக்காந்திருக்குறவங்க மூஞ்சியை மறைக்காது. பல்பு கழட்டி மாட்டுற மாதிரி வாங்குங்க, உள்ளயே எல்இடி ஒட்டுனது போச்சுன்னா பல விளக்கை மொத்தமா மாத்த வேண்டியதுதான், அப்புறம் இவ்வளவு கஷ்டப்பட்டு சேத்த கெல்வினும் அதோட போயிடும். குழாய், கைப்பிடி, விளக்கு இதுல உலோகக் கலர் ரெண்டுக்கு மேல வேண்டாம்னு நெனைக்கிறேன். எங்க வீட்டுல குழாய் ஸ்டீல்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு, விளக்கு பித்தளையா மேட் கருப்பாங்கறதுல மட்டும் பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு, நான் கருப்புக் கட்சி.