யோஹானுக்கு நான்கு எல்லை

எங்கள் பக்கத்தில் 'புளியடி' என்று பெயர் கொண்ட காணிகளுக்குக் கணக்கே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுத்து வேலை பார்த்த காலத்தில், பெயரை மட்டும் நம்பி நான் ஒரு காணி உறுதிப் பத்திரத்தையும் வாசித்ததில்லை. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் பெண்சாதி, மேற்கே கோயில் காணி, தெற்கே இன்னாரும் பங்காளரும் என்று நான்கு எல்லையையும் பார்த்த பிறகுதான் அது எந்தப் புளியடி என்று தெரியும்.

என் பெறாமகள் ஜெர்மனியில் அந்த நாட்டுப் பெடியனையே கட்டியிருக்கிறாள். அவனுடைய கொள்ளுத் தாத்தா வழியில் ஒருவர் 1857இல் அமெரிக்கா போனவர். பட்டாளத்துக்குப் பயந்து ஓடினார் என்பது வீட்டுக் கதை. "சித்தப்பா, பழைய கடுதாசி எண்டால் உங்களுக்குப் பைத்தியம்தானே, ஒருக்காப் பாருங்கோவன்" என்று போனில் பிடித்துக்கொண்டாள்.

ஆளின் பெயர் யோஹான். அதுவும் ஒரு புளியடிதான். அந்தக் காலத்தில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிமாருக்கெல்லாம் முன்னுக்கு யோஹானை வைத்து, கூப்பிடுவதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர், நியூயோர்க்கில் குடியேற வந்தவர்களைப் பதிந்த எல்லிஸ் தீவு நிலையத்தின் பதிவுகளில் தேடிக் களைத்துப் போயிருந்தார்கள். அந்த நிலையம் திறந்ததே 1892இல்! 1855 முதல் நியூயோர்க்கில் ஆட்களை இறக்கியது காசில் கார்டனில்.

நான் ஹம்பேர்க்கிலிருந்து தொடங்கினேன். அங்கே 1850 முதல் 1934 வரையான பயணிகள் பட்டியல்கள் தப்பியிருக்கின்றன. பிரேமன் துறைமுகத்தால் போயிருந்தால் கையைக் கழுவியிருக்க வேண்டியதுதான்: பழைய பட்டியல்களை இடமில்லை என்று அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். நூலகம் எரிந்த ஊர்க்காரனுக்கு இதைக் கேட்க வயிறு எரிகிறது. ஹம்பேர்க்கில் நேரே அமெரிக்கா போன கப்பல்களுக்கு ஒரு பட்டியல், இங்கிலாந்து வழியாகப் போனவர்களுக்கு வேறு பட்டியல். நம்மாள் இரண்டாவதில் இருந்தார். ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கே கப்பல் ஏறுகிற வழி அது. வட ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில் ஒரு கிராமம், பண்ணைக் கூலி என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து இன்றைய ஜெர்மன்காரருக்கே பிடிபடாது. எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன்.

அப்புறம்தான் சிக்கல். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1860 குடிசனக் கணக்கில் அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் இரண்டு பேர். பிறந்த இடம் இருவருக்கும் வெறும் 'மெக்லன்பர்க்'. கிராமத்தின் பெயரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் கேட்கவே மாட்டார்கள்.

சரி, எல்லைகளைப் பார்ப்போம் என்று ஹம்பேர்க் பக்கத்துக்குத் திரும்பினேன். யோஹானுக்கு மேல் வரியில் அதே கிராமத்துத் தச்சன், பெண்சாதி பிள்ளைகளோடு. கீழே ஒரு வேலைக்காரப் பெண், கலியாணமாகாதவள், கையில் குழந்தை. குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயர். விஸ்கொன்சினில் ஒரு யோஹானின் அடுத்த வீட்டில் இருந்தது அந்தத் தச்சன். அந்த யோஹானின் மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் கப்பல் பட்டியலில் கண்ட அதே முதற் பெயர்கள். அந்த ஊர் லூத்தரன் கோயில் கலியாணப் பதிவு எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது: வந்து சேர்ந்த அதே வருடம், சாட்சி தச்சன்.

மெக்லன்பர்க்கில் பண்ணையடிமை முறை 1820இல் ஒழிந்தது. ஆனாலும் குடியிருக்கப் பண்ணைக்காரர் உரிமை கொடுத்தால்தான் கூலிக்காரன் கலியாணம் கட்டலாம். கொடுத்தால் பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பும் தன் தலையில் விழும் என்று பலர் கொடுக்கவில்லை. பிள்ளை பெற்றும் தாலி கட்ட முடியாத சோடிகள் இப்படிக் கப்பலேறின.

மருமகனுக்குச் சந்தோஷம். அவன் தாய்க்குத்தான் மனமில்லையாம். பட்டாளக் கதை சொல்ல நல்லாயிருக்குதாம்.