ரெண்டு கணக்கைத் தப்பாப் போடுறேம்மா

"அடுத்த பரீட்சையில ரெண்டு கணக்கைத் தப்பாப் போடப் போறேம்மா" என்று மகள் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கண்ணீருக்கு ஒரு சாக்கு இருந்தது.

தரம் எட்டில் கணிதத்துக்கு அவளுக்கு 98. பக்கத்தில் உட்காரும் தோழிக்கு 81. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "75-க்கு மேல எல்லாம் ஏ. அவளும் ஏ, நானும் ஏ. அப்புறம் எதுக்குக் கோபம்?" என்கிறாள் இவள். என்னிடம் பதில் இல்லை.

1990-இல் திருகோணமலையை விட்டுப் போனபோது நான் கைக்குழந்தை. மதுரைப் பக்கம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆகி, போன வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பினோம். அப்பாவுக்குச் சொந்த நாடு. எனக்கும் மகளுக்கும் இதுதான் வெளிநாடு. வகுப்பில் அவளுக்கு வைத்த பெயரே 'இந்தியாக்காரி'. மதுரையில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள்!

எல்லாம் பழகிவிட்டது. திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் வந்து பையை முகர்ந்தால்கூட இப்போது பதறுவதில்லை. பழகாதது டியூசன்தான்.

இங்கே பள்ளிக்கூடம் 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு விட்டுவிடும். ஆகா, பின்னேரம் முழுக்க விளையாடலாம் என்று பார்த்தால், வெள்ளைச் சீருடையின் வேர்வை காயுமுன் பிள்ளைகள் டியூசனுக்கு ஓடுகிறார்கள். சனி ஞாயிறும் விடுதலை இல்லை. "உங்கட மகள் எங்க ரியூசன் போறா?" என்று அடுத்த வீட்டு அக்கா கேட்டார். போகவில்லை என்றதும், பிள்ளைக்குத் தடுப்பூசி போடாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரியூசனே போகாமல் 98 என்றால் அம்மாமாருக்குச் சந்தேகம். அவர்கள் வீட்டில் பேசுவது மறுநாள் வகுப்புக்கு வந்துவிடும்.

சிநேகிதம் முளைப்பதும் அங்கேதான். சேர்ந்து சைக்கிள் மிதிப்பது, வழியில் ஐஸ்பழம், உப்புத்தூள் போட்ட மாங்காய். அதற்காகவே காசு கட்டிச் சேர்த்துவிட்டோம். டியூசன் வாத்தியார், இங்கே 'சேர்', பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையைக் கண்டுபிடித்து, கொப்பியைக் கையால் மூடிக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறாளாம். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், இந்தியாவில் கணித தினம். 1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதலாம் என்று மேடையேறிச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் இவள். மாலையில் பரோட்டா சால்னா வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சால்னா மணம்... சரி, விடுங்கள். இங்கே டிசம்பர் 22 விடுமுறைக்குள் வந்து போய்விட்டது.

போன மாதம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். அங்கே அந்தத் தோழியின் குடும்பமும். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. எது அதிகம் என்று இரண்டு பேரும் வாளியோடு சண்டை. "இதை 5040 விதமா வரிசைப்படுத்தலாம்" என்றாள் என்னுடையவள். "அப்ப பொழுது பட்டிரும், வாளியைத் தா" என்றாள் மற்றவள்.

மற்றப் பிள்ளைகள் இன்னும் தள்ளியே நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, சேர் சொல்றது இவளுக்கு விளங்குதில்லையாம். ஞாயிறு உங்கட வீட்டை அனுப்பட்டோ?" என்றார்.

இப்போது ஞாயிறு காலை எங்கள் திண்ணையில் கணக்கு. பின்னேரம் இருவரும் ஒன்றாக டியூசன். இரண்டு வீட்டிலும் டியூசன் காசு மட்டும் குறையவில்லை.