வெண்மேகக் கோயில்: சாகாவரச் சின்னங்களைக் கண்டு கும்பிட

பெய்ஜிங்கில் உள்ள பாய்யுன் குவான் என்னும் வெண்மேகக் கோயிலுக்கு, அந்தத் தாவோ சமயக் கோயிலுக்குப் போனால், வாசலைத் தாண்ட அவசரம் வேண்டாம். நடுவாசல் வளைவின் கல்லில் சுருள்சுருளாக மேகங்கள், இடையிடையே பெருங்கொக்குகள். வலப்பக்க மேகத்துக்குள் உள்ளங்கை அளவில் ஒரு குரங்கு ஒளிந்திருக்கும். நோய்நொடி அண்டாது என்று பக்தர்கள் தொட்டுத் தொட்டு, கல் வழவழத்துக் கறுத்திருக்கும், அதுதான் அடையாளம். சீனப் புத்தாண்டு நாட்களில் அதைத் தொடவே நீண்ட வரிசை நிற்கும். சிற்பத்தை நிதானமாகப் பார்க்க வேறு நாளே நல்லது.

நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். மூன்று ஊதுபத்தி போதும். தீயை வாயால் ஊதாமல் விசிறி அணைத்து, முற்றத்துத் தூபக்கலத்தில் இடது கையால் குத்துங்கள். கும்பிடும்போது இடது கை வலது கையை மூடியிருக்க வேண்டும்.

தாவோ சமயச் சின்னங்களில் பலரும் தடுமாறுவது 'மறைந்த எண்மர்' விஷயத்தில்தான். தாவோ மரபில் சாகாவரம் பெற்ற எட்டு சிரஞ்சீவிகளின் உருவம் இராது, கைப்பொருள் மட்டும் இருக்கும்: லூ தோங்பினுக்கு வாள், லீ தியேகுவாய்க்குச் சுரைக்குடுவை, ஹெ சியன்குவுக்குத் தாமரை, மற்றவர்களுக்கு விசிறி, புல்லாங்குழல், பூக்கூடை, தாளக்கட்டை. ஜாங் குவோலாவின் மூங்கில் மேளத்தை அம்பறாத்தூணி என்று நினைத்துவிடுவார்கள். குழாயின் வாயில் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது மேளமேதான். தாமரையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பௌத்தத்தின் எட்டு மங்கலப் பொருள்களிலும் அது உண்டு. பக்கத்தில் சங்கும் சக்கரமும் இருந்தால் பௌத்தம். வாளும் குடுவையும் இருந்தால் தாவோ.

சீனத்தில் வௌவாலும் நற்பேறும் ஒரே ஒலி, 'ஃபூ'. தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு 'நற்பேறு வந்துவிட்டது' என்று பொருள். 'தலைகீழ்', 'வந்தது' இரண்டுமே 'தாவ்' என்றே ஒலிக்கும். மான் பதவியைக் குறிக்கும், பீச் பழமும் பெருங்கொக்கும் நீண்ட ஆயுளை.

இத்தனையும் பார்த்தபின் தாவோ துறவி சியூ சூஜியின் கூடத்துக்குப் போங்கள். அவர் அடக்கமான இடம் இதுவே. 1222இல் இந்துகுஷ் மலைப் பக்கம் மங்கோலியப் பேரரசர் செங்கிஸ்கான் அவரிடம் சாகா மருந்து கேட்டார். உயிரைப் பேணும் வழி உண்டு, சாகா மருந்து கிடையாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார் அந்த முதியவர். கொக்கையும் பீச்சையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே பார்க்க வேண்டும். திரும்பும்போது வாசல் மேகங்களை இன்னொரு முறை நின்று பாருங்கள்.