அங்சானா மரம் யாருடையது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அடித்த காற்றில், மலேசியத் தோட்டப்புறத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன் நிழல் தந்து நின்ற பழைய அங்சானா மரம் வேரோடு சாய்ந்து, மின்கம்பியையும் அறுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக் கூரைமேல் விழுந்தது. முன்னறையில் இருந்த அம்மாவுக்குக் காயமில்லை. அந்த மரத்தை முழுவதுமாக அகற்ற ஒன்பது நாள்களும் மூன்று வீண் அலைச்சல்களும் தேவைப்பட்டன.

முதல் ஒரு மணி நேரம் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 999-ஐ அழைத்தேன், தீயணைப்பு மீட்புத் துறைக்கு இணைப்புக் கொடுத்தார்கள். தோட்டப்புறங்களில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு எண்ணைச் சொன்னால் வண்டி வந்து சேராது. பெருஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லையும், அதிலிருந்து எந்தத் திருப்பம், எந்தக் கோயில் என்பதையும் சொல்லுங்கள். அறுந்த கம்பிக்கு 15454 என்ற மின்வாரிய எண்ணில் தனியாகத் தெரிவித்தேன். கம்பியில் மின்சாரம் இல்லை என்று பக்கத்து வீட்டு அண்ணன் துணிந்து கிட்டப் போனார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. வாரிய ஆட்கள் வந்து துண்டிக்கும்வரை யாரும் அதன் அருகே போகக் கூடாது.

தீயணைப்பு வீரர்கள் கூரைமேல் கிடந்த கிளைகளை அறுத்து, ஒரு கார் போகுமளவுக்கு வழி செய்துவிட்டுப் போனார்கள். ஆபத்தை நீக்குவதுதான் அவர்கள் வேலை. இருவர் கட்டிப்பிடிக்கும் பருமனுள்ள அடிமரம் வாசலில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை எங்கள் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த எழுத்தர் என் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தி, “அது தோட்டத்து நிலம் ஐயா, நாங்கள் கை வைக்க முடியாது, தோட்டத்து ஆபீசில் போய்க் கேளுங்கள்” என்றார். தோட்டத்து எழுத்தரான கிராணியோ, எங்கள் லயம், அதாவது இந்த வரிசை வீடுகள், விற்கப்பட்ட பிறகு செம்பனைத் தோட்டத்துக்கு இப்புறமுள்ள எதுவும் நிர்வாகத்துடையது அல்ல என்று சொல்லி, சாலை என்பதால் பொதுப்பணித் துறையைப் பார்க்கச் சொன்னார். பொதுப்பணித் துறையில், தங்கள் பொறுப்பு பெருஞ்சாலையோடு முடிகிறது என்றார்கள். மூன்று இடங்களிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று இடங்களிலும் எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் என் தவறு.

துப்பு அம்மாவிடம் இருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் ரப்பர் வளையம் போட்டு அவர் சேர்த்து வைத்திருந்த ரசீதுகளில், வெளிறிப்போன மன்ற முத்திரையுடன் மதிப்பீட்டு வரி ரசீதுகள் ஆண்டுக்கு இரண்டு வீதம் இருந்தன. எங்கள் வரிசையில் வரி வசூலிக்கும் மன்றம், அதே வரிசையை எல்லைக்கு வெளியே என்று எப்படிச் சொல்ல முடியும்? புதன்கிழமை அந்த ரசீதின் நகலையும், வரிசை வீடுகளும் மரமும் சாலையும் ஒன்றாகத் தெரியும் படங்களையும் இணைத்து, எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அதே எழுத்தர் ரசீதை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றிப் புகார் எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் தொலைபேசியில் எனக்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினரிடமும் அதே எண்ணைச் சொன்னேன். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார்.

கூரைக்கு உதவி கேட்கப் போனபோது இன்னொரு பாடம். மாவட்ட அலுவலகத்தில் முதல் கேள்வியே காவல் நிலையப் புகார் எங்கே என்பதுதான். அது இல்லாமல் திரும்பினேன். காவல் நிலையத்தில் அரை மணி நேர வேலை, அதற்கு ஒரு நாள் விடுப்பு வீண். அதைவிட மோசம், நெளிந்த தகரங்களை உறவினர்கள் திங்கட்கிழமையே கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். நல்ல வேளையாக, என் அக்காள் மகள் ஞாயிறு இரவே கைவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இருந்தன. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். தேதி தெரிந்தால் நல்லது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். துயர்துடைப்பு மையத்துக்குப் போனால் குடும்பத்தினர் அனைவர் பெயரும் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று அடையாள அட்டையோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்; பிறகு உதவித்தொகை கேட்கும்போது அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மன்றத்தின் லோரி வந்தது. நான்கு பேர் இயந்திர ரம்பத்தால் அடிமரத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அம்மா அவர்களுக்குத் தேநீர் கலந்து கொடுத்தார். கூரை உதவி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

வரிசையின் கோடியில், பாலர் பள்ளிக்கு அருகே, இன்னோர் அங்சானா சாலைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதற்கும் ரசீது நகலோடு மனுக் கொடுத்துவிட்டேன். புகார் எண் எங்கள் சமையலறை நாட்காட்டியில், கொட்டை எழுத்தில் இருக்கிறது.