சென்னை வெயிலில் கோரிடோரஸ்: மணலிலிருந்து முட்டை வரை

தொட்டி அடியில் வாழும் சின்னக் கெளுத்தி மீனான கோரிடோரஸை 'கிளீனர் மீன்' என்று சொல்லி விற்பதை என்றைக்கு நிறுத்துவார்களோ தெரியாது. மற்ற மீன்களின் கழிவை அது சாப்பிடாது. மேலே உள்ள மீன்கள் விட்டுவைத்த தீனி கீழே விழுந்தால் பொறுக்கித் தின்னும், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி விட்டால் வயிறு ஒட்டிப் போய்ச் சாகும். என் 3 அடி தொட்டியில் இப்போது மேலே ரம்மிநோஸ் டெட்ரா கூட்டம், கீழே 8 ஸ்டெர்பை கோரி (கோரிடோரஸைச் சுருக்கமாகக் கோரி என்போம், ஸ்டெர்பை அதில் ஒரு வகை). ஆறுக்குக் குறைந்தால் இவை பயந்துபோய் மூலையிலேயே கிடக்கும். எட்டு இருந்தால் தொட்டி முழுக்கச் சுற்றுகின்றன.

ஸ்டெர்பையைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக மட்டும் இல்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெப்பர்டு கோரி தென் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மீன், 20, 22 டிகிரி தண்ணீர்தான் அதற்குச் சுகம். சென்னையில் மே மாதம் அதை வைத்துக்கொண்டு நாம்தான் அவதிப்பட வேண்டும். ஸ்டெர்பை பிரேசில்-பொலிவியா எல்லையில் உள்ள குவாபோரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது, 28 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும். சூடான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் தேடி வாங்குவதும் இதனால்தான். (2024-இல் வந்த வகைப்பாட்டில் ஸ்டெர்பை, பாண்டா போன்ற கோரி வகைகள் ஹோப்லிசோமா என்ற பேரினத்துக்குப் போய்விட்டன. கடையில் கோரி என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.)

அடுத்து மணல். என்னைக் கேட்டால் ஃபில்டரைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும் என்பேன். எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது, முனை கூராக இருக்கும், அது வேண்டவே வேண்டாம். பழைய ஆற்று மணல் கொஞ்சம் கிடைத்தது. சலித்து, வாளியில் கலங்கல் போகும்வரை அலசி, ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரை வந்தால் கிளிஞ்சல் துகள் இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும் என்று அர்த்தம். வரவில்லை. ஒரு இஞ்சுக்குமேல் போடவில்லை, ஏனென்றால் ஆழமாகப் போட்டால் அடியில் அழுக்கு சேர்ந்து அழுகும், கோரியின் வாயோர மீசை தேய்ந்து போவதற்குக் கூரான கல் பாதிக் காரணம் என்றால் இந்த அழுக்கு மீதிக் காரணம். மணல் போட்ட பிறகு இவை தீனி தேடுவதைப் பார்க்க வேண்டும்: கண் வரைக்கும் மூஞ்சியைப் புதைத்து ஒரு வாய் மணலை உள்ளே இழுக்கும், தீனியை மட்டும் நிறுத்திக்கொண்டு மணலை இரண்டு பக்கச் செவுள் வழியாகவும் புகைபோல விடும். பெரிய கூழாங்கல் போட்ட தொட்டியில் இது நடக்கவே நடக்காது.

தீனி, விளக்கை அணைத்த பிறகுதான். மூழ்கும் பெல்லட் கொஞ்சம், வாரத்தில் ஓரிரு முறை உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழு).

கோடையில் தண்ணீர் 32-ஐத் தொட்டது. மூடியைத் திறந்து, மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனை மாட்டினால் 2, 3 டிகிரி இறங்குகிறது, ஆனால் புழுக்கமான நாளில் அதுவும் பெரிதாக உதவாது. ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்புகள் தொட்டியிலேயே நின்றுவிடும். அதனால் குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புகிறேன். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும். கோரிகள் சர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்று வாங்கி வருவது இயல்புதான், அந்தக் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து அடிக்கடி போனால்தான் கவனிக்க வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் அந்த மாதங்களில் ஏர் பம்பை அணைப்பதே இல்லை.

முட்டை வந்தது வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு. மழை பெய்த ஒரு ராத்திரி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரால், குளோரின் நீக்கிதான், மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். காலையில் ஆண்கள் பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தன. பெண் ஆணின் வயிற்றுப் பக்கம் வாயை வைத்து அப்படியே சில நொடி நிற்கிறது, பிறகு இடுப்புத் துடுப்புகளைக் கூடைபோலச் சேர்த்து அதில் முட்டையை ஏந்திக்கொண்டு போய், கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் தேய்த்துவிட்டு ஒட்டுகிறது. விட்டுவைத்தால் டெட்ராக்கள் காலி பண்ணிவிடும். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் முட்டை கெட்டியாகிவிடுவதால் விரலாலேயே உருட்டி எடுத்து, ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) ஒரு காய்ந்த பாதாம் இலையும் போட்ட டப்பாவுக்கு மாற்றினேன். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்ததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

பொரித்தவை மஞ்சள் கரு தீர்ந்ததும் ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. டப்பா அடியை டிராப்பரால் தினமும் உறிஞ்சி எடுப்பதுதான் இப்போது முக்கிய வேலை. ஒரு இஞ்ச் தாண்டியதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம், வலையால் அல்ல, கப்பால். பக்கத் துடுப்பு முள் வலையில் மாட்டினால் எடுப்பதற்குள் மீன் பாதி செத்துவிடும்.